உடம்பு சரியில்லையா? டிக்கெட்டை ரத்து செய்யும் முன் டாக்டரிடம் மெமோ வாங்குங்கள்

காய்ச்சலால் ஊருக்குப் போக முடியவில்லை என்றால், டிக்கெட்டை ரத்து செய்வதற்கு முன் கிளினிக்குக்குப் போய், எம்சியோடு (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) ஒரு மெமோவும் (டாக்டர் எழுதித் தரும் குறிப்புக் கடிதம்) கேட்டு வாங்குங்கள். 'விமானப் பயணத்துக்கு ஏற்ற நிலையில் இல்லை' என்ற வரியும், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இங்குள்ள கிளினிக்குகள் தரும் எம்சியில் பெரும்பாலும் வேலைக்குப் போக முடியாது என்றுதான் இருக்கும். பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது; கோரிக்கை அங்கேயே சிக்கிக்கொள்ளும். மெமோ கையில் இருந்தால், ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவோ தேதியை மாற்றித் தரவோ விமான நிறுவனத்திடம் கேட்கலாம். மறுத்துவிட்டாலும் பயணக் காப்புறுதிக்கு அதே தாள் உதவும்.

விமானம் கிளம்புவதற்குள் வர முடியாது என்று விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள், இது மிக முக்கியம். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால், பல நிறுவனங்கள் ஊரிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே ரத்து செய்துவிடும்.

மலிவு விலைச் சலுகை டிக்கெட்டுக்கு நிறுவனம் இறங்கி வருவது அரிது. நோய் வந்தபின் எடுத்த காப்புறுதி அந்த நோய்க்குப் பொதுவாகச் செல்லாது. பழைய நோய்களைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. டிக்கெட் எடுக்கும் அன்றே காப்புறுதியும் எடுத்துவிடுங்கள்.