பாக்டீரியா விடுற வாசனையில என்ன காம்பவுண்ட் இருக்குன்னு ஜிசி-எம்எஸ்ல கண்டுபிடிக்கிறது எப்படி

ஈ.கோலை ராத்திரி முழுக்க வளர்ந்த ஃபிளாஸ்க்கைத் திறந்தா ஒரு நாத்தம் வரும்ல, அதுக்கு பெரிய காரணம் இண்டோல். டிரிப்டோஃபேனை டிரிப்டோஃபேனேஸ்ங்கிற என்சைம் உடைக்கிறதுல வர்ற பொருள் அது. யூஜில கோவாக்ஸ் ரீஏஜென்ட் ஊத்தி மேல சிவப்பு ரிங் வருதான்னு பாப்போமே, அது இதே இண்டோல்தான். சால்மோனெல்லாவுல பெரும்பாலும் வராது. ஆனா ஒரே ஒரு காம்பவுண்டை கலர் வச்சு பாக்கிறது வேற, பாக்டீரியா விடுற மொத்த ஆவியையும் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பேர் வைக்கிறது வேற. ரெண்டாவதுக்கு ஹெட்ஸ்பேஸ் எஸ்பிஎம்இ (திரவத்துக்கு மேல நிக்கிற ஆவியை பூச்சு பூசுன சின்ன ஃபைபர்ல ஒட்ட வச்சு எடுக்கிறது), ஜிசி-எம்எஸ் (அந்தக் காம்பவுண்டுகளை ஒவ்வொண்ணா பிரிச்சு, உடைச்சு, துண்டுகளோட நிறையை அளக்கிற மெஷின்) வேணும். முதல்லயே சொல்லிடுறேன், பிளேட்டை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பாக்காதீங்க, லிஸ்டீரியா மாதிரி நோய் தர்ற ஆளுங்ககிட்ட அந்த வீரம் வேண்டாம்.

மீடியத்துல (பாக்டீரியா வளர்க்கிற சத்துத் திரவம்) இருந்து ஆரம்பிப்போம், நெறைய பேர் தப்பு பண்ற இடமே இதுதான். லேப்ல இருக்கிற டிஎஸ்பியை (டிரிப்டிக் சோய் பிராத்) எடுத்து ஊத்திட்டு இண்டோல் கம்மியா வருதேன்னு தலையை சொறிவாங்க. அதுல லிட்டருக்கு 2.5 கிராம் குளுக்கோஸ் இருக்கு, குளுக்கோஸ் இருக்கிற வரைக்கும் ஈ.கோலை டிரிப்டோஃபேனேஸ் ஜீனை அடக்கி வச்சிருக்கும். இண்டோல் வேணும்னா டிரிப்டோன் வாட்டரோ எல்பி பிராத்தோ போடுங்க. லிஸ்டீரியாவுக்கு கதை தலைகீழ், அதுல வர்ற அசிட்டோயின் (வோஜஸ்-ப்ராஸ்காயர், அதாவது விபி டெஸ்ட்ல பாக்கிற அதே ஆள்) குளுக்கோஸ்ல இருந்துதான் வருது, அதனால குளுக்கோஸ் இருக்கிற பிஎச்ஐ (பிரெய்ன் ஹார்ட் இன்ஃப்யூஷன்) மாதிரி மீடியம்தான் சரி. ரெண்டு பாக்டீரியாவையும் கம்பேர் பண்றவங்க ரெண்டு மீடியத்துலயும் ரெண்டையும் வளர்த்துடுங்க, இல்லன்னா மீடியத்தோட வித்தியாசத்தை பாக்டீரியாவோட வித்தியாசம்னு எழுதிடுவீங்க.

அடுத்தது பிளாங்க். பாக்டீரியா போடாத அதே மீடியம், அதே ஆட்டோகிளேவ் பேட்ச், அதே இன்குபேட்டர்ல அதே நேரம் இருந்திருக்கணும். ஏன்னா ஆட்டோகிளேவ்ல சர்க்கரையும் அமினோ ஆசிடும் வெந்து பைரசீன், 3-மெத்தில்பியூட்டனால் (ஆல்கஹால் இல்ல, ஆல்டிஹைடு), பென்சால்டிஹைடு எல்லாம் மீடியத்துலயே வந்துடும். பிளாங்க்லயும் அதே அளவு இருந்தா அது நம்ம பூச்சியோட வேலை இல்ல. என்னைக் கேட்டா பிளாங்க்தான் முக்கியமான சாம்பிள், அதுக்கும் மூணு ரெப்ளிகேட் போடுங்க.

சாம்பிள் எடுக்கிறப்போ 20 எம்எல் ஹெட்ஸ்பேஸ் வயல்ல 5 எம்எல் கல்ச்சர், 1.5 கிராம் உப்பு (சாதா சோடியம் குளோரைடுதான், முன்னாடியே சூடு பண்ணி காய வச்சது), இன்டர்னல் ஸ்டாண்டர்டா (எல்லா வயல்லயும் ஒரே அளவு போட்டு ஒப்பிடுற பொருள்) கொஞ்சம் 2-ஆக்டனால், உடனே மூடி டைட். உப்பு தண்ணிக்குள்ள இருக்கிற காம்பவுண்டை ஆவிப்பக்கம் தள்ளிவிடும். கல்ச்சரை ஃபில்டர் பண்ணாதீங்க, ஃபில்டர் பண்றப்பவே பாதி வாசனை பறந்துடும். சென்ட்ரிஃப்யூஜ் குளிர்ல ஓட்டி மேல இருக்கிறதை எடுத்தா போதும். ஆனா அதுலயும் உயிரோட செல் மிச்சம் இருக்கும், அதனால நோய் பரப்புற ஸ்ட்ரெய்னோட வயலை பொது இன்ஸ்ட்ரூமென்ட் ரூமுக்கு தூக்கிட்டு போறதுக்கு முன்னாடி உங்க பயோசேஃப்டி ஆளுங்களைக் கேளுங்க. மெத்தட் செட் பண்ற வரைக்கும் லிஸ்டீரியா இன்னோகுவா, கே-12 ஈ.கோலை மாதிரி சாதுவானதுல பழகிக்கலாம்.

மீன், இறால்ல வேலை பண்றவங்களுக்கு ஒரு விஷயம். கெட்டுப்போன மீன் வாசனைக்கு காரணமான டிரைமெத்தில்அமீன் ஒரு பேஸ், சாதா பிஎச்ல அது உப்பு வடிவத்துல தண்ணியிலயே உக்காந்துக்கும், ஃபைபருக்கு வராது. ஆல்கலி சேர்த்து பிஎச்சை 11க்கு மேல ஏத்துனாதான் வெளிய வரும்.

ஃபைபர்னு பாத்தா, டிவிபி/கார்பாக்ஸன்/பிடிஎம்எஸ் 50/30 மைக்ரான் பூச்சு இருக்கிறது எல்லாத்தையும் ஓரளவு பிடிக்கும், அதுல ஆரம்பிங்க. வயல் 40 டிகிரியில 10 நிமிஷம் நிக்கட்டும், அப்புறம் ஃபைபரை ஆவிக்குள்ள மட்டும் 30 நிமிஷம் நீட்டுங்க, திரவத்துல நனைஞ்சா போச்சு. புது ஃபைபரை 270 டிகிரியில கண்டிஷன் பண்ணணும். இன்ஜெக்டர் 250, ஸ்பிளிட்லெஸ் (சாம்பிளைப் பிரிக்காம முழுசா உள்ள விடுறது), லைனர் (இன்ஜெக்டருக்குள்ள இருக்கிற கண்ணாடிக் குழாய்) குறுகலா 0.75 மிமீ. காலம் (column, காம்பவுண்டுகளைப் பிரிக்கிற நீளக் குழாய்) டிபி-5எம்எஸ் 30 மீட்டர் போதும், ஐசோவேலரிக் ஆசிட் மாதிரி ஆசிடுங்க முக்கியம்னா வாக்ஸ் (போலார் பூச்சு) காலத்துக்கு போங்க, டிபி-5ல ஆசிட் பீக் வாலு நீட்டிக்கிட்டு கேவலமா வரும்.

ஃபெசிலிட்டில ஓட்ட கொடுக்குறீங்கன்னா ஆப்பரேட்டர்கிட்ட ரெண்டு விஷயம் வாயைத் திறந்து கேளுங்க. ஒண்ணு, சால்வென்ட் டிலே, அதாவது ஆரம்பத்துல டிடெக்டரை ஆஃப்ல வச்சிருக்கிற நேரம். பழக்கத்துல 3, 4 நிமிஷம் வச்சிருப்பாங்க, எஸ்பிஎம்இல சால்வென்ட்டே கிடையாது, அந்த நேரத்துல வர்ற டைமெத்தில் சல்ஃபைடு மாதிரி சின்ன மூலக்கூறெல்லாம் காணாமப் போயிடும். ரெண்டு, ஸ்கேன் ரேஞ்ச், அதாவது எந்த நிறை (m/z) எண்ல இருந்து அளக்கிறாங்கங்கிறது. 50ல ஆரம்பிச்சா அசிட்டோயினோட 43, 45 ரெண்டும் போச்சு, 33ல இருந்து எடுக்கச் சொல்லுங்க.

இப்போ ரிப்போர்ட் வந்துடுச்சு, மெஷினோட ஸ்பெக்ட்ரம் லைப்ரரி பேர் பேரா கொட்டும், நம்பாதீங்க. 73, 147, 207, 281னு அயான் (உடைஞ்ச மூலக்கூறுத் துண்டு) வந்தா அது சைலாக்ஸேன்ங்கிற சிலிக்கான் காம்பவுண்ட்; செப்டம் (இன்ஜெக்டரோட ரப்பர் மூடி), காலம், ஃபைபர்ல இருந்து கழண்டு வர்றது. நான் மொத தடவை அதுல ஒண்ணை "இதுவரை யாரும் சொல்லாத மெட்டபோலைட்"னு ஸ்லைடுல போட்டு கைடுகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இன்னொரு தடவை சூடோமோனாஸ் சாம்பிள்ல 120 பேஸ் பீக் (இருக்கிறதுலயே பெரிய அயான்), கூடவே 92, ஆஹா திராட்சை வாசனை அடிக்கிற 2-அமினோஅசிட்டோஃபீனோன் மாட்டிக்கிச்சுன்னு குதிச்சோம். கிட்டப்போய் பாத்தா மூலக்கூறு அயான் 135 இல்ல, 152, பக்கத்துலயே மெந்தாலும் கற்பூரமும் நிக்குது. வயல் மூடுன நண்பன் தலைவலின்னு தைலம் பூசிட்டு வந்திருக்கான், அது மெத்தில் சாலிசிலேட்! அதுக்கும் 120, 92தான் பெரிய அயானுங்க. பிளாங்கை அவன் தொடாததால பிளாங்க்லயும் தெரியல.

இதுல இருந்து தப்பிக்கத்தான் ரிடென்ஷன் இண்டெக்ஸ், அதாவது உங்க பீக் வர்ற நேரத்தை ஆல்கேனுங்க வர்ற நேரத்தோட ஒப்பிட்டுக் கொடுக்கிற எண். அதே ஜிசி ஓவன் (oven) டெம்பரேச்சர் புரோகிராம்ல சி7 முதல் சி30 வரைக்கும் ஆல்கேன் மிக்ஸ் ஓட்டுங்க. கணக்கு லேசு. சி12 17.20 நிமிஷத்துல, சி13 19.20ல வருதுன்னு வைங்க, உங்க பீக் 19.04ல. 1.84ஐ 2.00ஆல வகுத்தா 0.92; சி12ன்னா 1200, சி13ன்னா 1300, ஆக இண்டெக்ஸ் 1292. டிபி-5ல இண்டோல் 1290 பக்கம்தான் வரும், கூட 117, 90, 89 அயான் இருந்தா கிட்டத்தட்ட ஆள் மாட்டிட்டான். மெத்தில் சாலிசிலேட் 1190 பக்கம், அமினோஅசிட்டோஃபீனோன் 1300 பக்கம், இதை அன்னைக்கே பாத்திருந்தா ஒரு வாரம் மிச்சம்.

லைப்ரரி மேட்ச் ஆயிரத்துக்கு 900க்கு மேல இருந்தாலும் இண்டெக்ஸ் 20, 30 யூனிட் தள்ளி இருந்தா அந்தப் பேரை அடிச்சிடுங்க. ரெண்டும் ஒத்துப்போனா "உத்தேச அடையாளம்"னு எழுதலாம். உறுதின்னு எழுதணும்னா சுத்தமான ஸ்டாண்டர்டை வாங்கி உங்க மெஷின்லயே, அதே பிளாங்க் மீடியத்துல கலந்து ஓட்டி, டைமும் ஸ்பெக்ட்ரமும் ஒத்துவரணும். 2007ல மெட்டபோலோமிக்ஸ் ஆளுங்க வகுத்த லெவல் 1, லெவல் 2 இதுதான். முப்பது பீக்குக்கும் ஸ்டாண்டர்ட் வாங்க யார்கிட்ட காசு இருக்கு, அதனால பிளாங்க்ல இல்லாம மூணு ரெப்ளிகேட்லயும் வந்த அஞ்சாறுக்கு மட்டும் வாங்குங்க, மிச்சத்துக்கு டேபிள்ல லெவல் 2ன்னு போட்டுட்டு விட்டுடுங்க.