ஒரே ஆல்பத்தில் ட்வோர்ஷாக்கும் பார்டோக்கும்: ஸ்டிரிங் குவார்டெட்டைப் பதிவு செய்வது எப்படி?

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. இந்த நால்வரை வைத்து ஒரு ரொமான்டிக் படைப்பையும் ஒரு நவீனப் படைப்பையும் ஒரே ஆல்பத்தில் பதிவதாக வைத்துக்கொள்வோம். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் 1893இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஸ்பில்வில்லில் எழுதிய ‘அமெரிக்கன்’ குவார்டெட், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 1928ஆம் வருடத்து நான்காம் குவார்டெட்.

ட்வோர்ஷாக்கின் மெட்டுகளுக்கு ஒலி கொஞ்சம் தேங்கி நிற்கும் அறை வேண்டும். பார்டோக்குக்கு ஒவ்வொரு அடியும் துல்லியமாகக் கேட்க வேண்டும். அதற்காக இரண்டுக்கும் தனித்தனி மைக் அமைப்பு போடாதீர்கள். இரண்டு வேறு ஆல்பங்களை ஒட்டியது போல ஆகிவிடும். மைக் நகரவே கூடாது. வித்தியாசத்தை மிக்ஸில் காட்டலாம்.

1. அறை

ஏசியை நிறுத்துங்கள். பார்டோக்கின் இரண்டாம் பகுதியைத் தந்திகளின் ஒலியை அமுக்கும் மியூட்டை வாத்தியத்தில் மாட்டி, மிக வேகமாக, சன்னமாக வாசிப்பார்கள். ஏசி இரைச்சல் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஏசி நின்றால் அறை சூடாகி சுருதி நகரும் என்பதால் அரை மணிக்கொரு இடைவெளி விட்டு அப்போது ஓடவிடுங்கள். கைப்பிடி இல்லாத, கிறீச்சிடாத நாற்காலியாகப் பார்த்துப் போடுங்கள்.

2. யார் எங்கே உட்காருவது

வியோலா வலது ஓரத்தில் உட்கார்ந்தால் அதன் எஃப் துளைகள் (ஒலி வெளிவரும் f வடிவத் துளைகள்) மேடையின் பின்சுவரைப் பார்க்கும். ‘அமெரிக்கன்’ தொடங்குவதே வியோலாவின் மெட்டோடுதான். வயலின்கள் நடுநடுங்கிக்கொண்டிருக்க, செல்லோ ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மெட்டு அமுங்கினால் பிறகு எந்த ஈக்யூவும் (ஒலியின் மேல், கீழ் பகுதிகளை ஏற்றி இறக்கும் கருவி) மீட்டுத் தராது. இடமிருந்து வலமாக முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ என்று உட்கார வையுங்கள். செல்லோவை மைக் பக்கம் சற்றுத் திருப்பிவிடுங்கள். குழு வேறு வரிசைக்குப் பழகியிருந்தால் வற்புறுத்த வேண்டாம். வியோலாக்காரரின் நாற்காலியை மட்டும் முன்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

3. மைக்

அறை நன்றாக இருந்தால் ஆம்னி (எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை எடுக்கும் மைக்) ஜோடியைத்தான் சொல்வேன். கார்டியாய்டை (முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் எடுக்கும் மைக்) தூரத்தில் வைத்தால் கீழ்ஸ்தாயி ஒலியை இழக்கும். செல்லோவின் கடைசித் தந்தி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ், அது மெலிந்துபோகும். லைன் ஆடியோ ஓஎம்1 ஜோடி போதும், பணம் இருந்தால் நியூமன் கேஎம் 183. இரண்டுக்கும் இடையே 50 செ.மீ. விட்டு, வாசிப்பவர்களிடமிருந்து 2 முதல் 2.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து சுமார் 2.7 மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். அறை மோசமென்றால் ஓஆர்டிஎஃப் என்ற ஜோடி அமைப்பு: கார்டியாய்டுகளுக்கிடையே 17 செ.மீ., 110 டிகிரி. ஆளுக்கொரு மைக் வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

முக்கிய ஜோடிக்கு 5, 6 மீட்டர் பின்னால் இன்னொரு ஆம்னி ஜோடி வையுங்கள். அறையின் ஒலிக்காக மட்டும். இதன் பயன் கடைசியில் தெரியும்.

4. கெயின்: சறுக்கும் இடம்

முதல் நாள் ட்வோர்ஷாக், அதை வைத்தே கெயின் (மைக்கின் சிக்னலை எவ்வளவு ஏற்றுவது என்ற அளவு). எல்லோரும் செய்வது இதுதான். மறுநாள் பார்டோக்கின் நான்காம் பகுதி வரும். வில்லையே தொடாமல் முழுக்க விரலால் மீட்டுவது. இடையிடையே தந்தியை மேலே இழுத்து விடுவார்கள், அது ஃபிங்கர்போர்டில் மோதி ‘டக்’ என்று வெடிக்கும். அந்த ‘டக்’ சில மில்லிசெகண்டுதான். சராசரி காட்டும் மீட்டர் அசையாது, ஆனால் ஒலியை டிஜிட்டலாக்கும் கன்வெர்ட்டர் கிளிப் ஆகியிருக்கும், அதாவது உச்சம் வெட்டுப்பட்டிருக்கும்.

அதனால் எந்த நாளில் எதைப் பதிந்தாலும், முதலில் இந்த வெடிப்பையும் ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில் பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடிகளையும் முழு பலத்தோடு வாசிக்கச் சொல்லுங்கள். மீட்டரைப் பீக் ஹோல்டில் (மிக உயர்ந்த அளவைப் பிடித்துக் காட்டும் நிலை) வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில் நிற்கும்படி கெயின் வையுங்கள். நிஜ டேக்கில் (பதிவில்) எல்லோரும் இன்னும் பலமாகவே வாசிப்பார்கள். அதற்குத்தான் மேலே இந்தக் காலி இடம். 24 பிட்டில் (சன்னமான ஒலியையும் தெளிவாகப் பிடிக்கும் துல்லியம்) பதிகிறீர்கள், ட்வோர்ஷாக் மைனஸ் 20 பக்கம் நின்றாலும் கெட்டுப்போகாது. கெயினைக் குறித்து வைத்துவிட்டு அந்தக் குமிழைத் தொடாதீர்கள்.

5. பதிவு வரிசை

பார்டோக்கின் நான்காம் பகுதியைக் கடைசியில் வையுங்கள். இழுத்து அடிக்கும்போது தந்தி சுருதி விலகும். ஒவ்வொரு டேக்குக்கும் பிறகு சுருதி பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு டேக்குகளை ஒட்டவே முடியாது. திருத்தம் எடுக்கும்போது இரண்டு பார் (தாளச் சுற்று) முன்னாலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முந்தைய ஸ்வரத்தின் அதிர்வும் சேர்ந்து வந்தால்தான் ஒட்டு கேட்காது. கடைசியில் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிந்துகொள்ளுங்கள்.

6. எடிட், மிக்ஸ்

எடிட்டுக்கு ரீப்பர் மென்பொருள் போதும். ‘அமெரிக்கன்’ தொடக்கத்தில் வயலின்கள் ஓயாது ஓடுவதால் வெட்ட இடமே இருக்காது. வியோலா வில்லைத் திருப்பும் கணத்தில் 20, 30 மில்லிசெகண்டு கிராஸ்ஃபேடில் (ஒன்று தேய, மற்றொன்று எழும் இணைப்பு) ஒளித்துவிடுங்கள். பிட்சிகாட்டோவில் (விரலால் மீட்டும் பகுதியில்) அடிக்குச் சற்று முன்னால் வெட்டினால் 5 மில்லிசெகண்டே போதும்.

இப்போது பின்னால் வைத்த ஜோடி. ட்வோர்ஷாக்கில், குறிப்பாக மெதுவான இரண்டாம் பகுதியில், தாராளமாக ஏற்றுங்கள். பார்டோக்கில் இறக்குங்கள், நான்காம் பகுதியில் ஏறக்குறைய மூடிவிடலாம். இரண்டு படைப்பின் குணமும் பிரிவது சத்தத்தை ஏற்றி இறக்கும் இந்த ஒரு ஃபேடரில்தான்.

உச்சங்களைத் தானாக அமுக்கும் லிமிட்டர் வேண்டாம். ஒரு ‘டக்’ மட்டும் தலையை நீட்டினால் அந்த உச்சத்தை மட்டும் கையால் 2, 3 டெசிபெல் இறக்குங்கள். டிராக் டிராக்காக நார்மலைஸ் (உச்சத்தை ஒரே அளவுக்கு ஏற்றுவது) செய்யாதீர்கள். செய்தால் மியூட் போட்ட பகுதியும் வெடிக்கும் பகுதியும் ஒரே சத்தமாகிவிடும். முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு ஏற்றம், உச்சம் மைனஸ் 1. இரண்டு படைப்புகளுக்கும் நடுவே எட்டு, பத்து விநாடி அறை ஒலியைப் போடுங்கள்.

பின்னர் சேர்த்தது: பார்டோக்கின் ‘டக்’ இரண்டு முறை கேட்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பின் ஜோடி அதிக தூரத்தில் இருப்பதுதான் காரணம். ஒலி மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு எடுக்கும். 6 மீட்டரில் 17 மில்லிசெகண்டு, காது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். 12 மீட்டர் போனால் 35, அங்கே பிரிந்து கேட்கத் தொடங்கும். 32 பிட் ஃப்ளோட் (மிகப் பெரிய சத்த வேறுபாட்டையும் தாங்கும் பதிவு முறை) ரெக்கார்டர் இருந்தால் நான்காம் படி தேவையா என்றும் கேட்டார்கள். ரெக்கார்டரின் கிளிப்பிங் பயம் போகும். ஆனால் இரண்டு படைப்புகளுக்கும் இடையிலான சத்த வித்தியாசம் மாறக்கூடாது என்பதால் லெவலை ஒரே அளவில் வைப்பது அப்போதும் தேவைதான்.