பவர் கைட்: காற்று குறைந்தால் பாரை இழுக்காதீர்கள்

பவர் கைட், அதாவது ஆளையே இழுக்கும் பெரிய பட்டத்தைப் புதிதாகப் பறக்கவிடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்குக் காரணம், காற்று பின்னாலிருந்து தள்ளுவதால்தான் கைட் இழுக்கிறது என்ற நினைப்பு. உண்மையில் அது ஒரு இறக்கை. வளைந்த துணியைச் சுற்றிப் போகும் காற்று திசை மாறுகிறது, அந்த மாற்றத்துக்கான எதிர்விசைதான் நம் கைக்கு வரும் இழுப்பு. அதனால் கைட் மீது காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது பிடிபடாததால் வருவதுதான் முதல் தவறு, நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். காற்று கொஞ்சம் தளர்ந்ததும் பயந்துபோய் பாரை, அதாவது கயிறுகள் கட்டிய கைப்பிடித் தண்டை, நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். பாரை இழுத்தால் பின்கயிறுகள் இறுகி, காற்றை கைட் சந்திக்கும் கோணம் கூடும். ஓரளவு வரைக்கும் இழுப்பும் கூடும். அதைத் தாண்டினால் மேல்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்ந்து விலகிவிடும், கைட் அப்படியே பின்பக்கமாகச் சரிந்து விழும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பாரைத் தளர்த்தி கைட்டை ஓடவிடுங்கள், அப்புறம் எட்டு போடுவது போல குறுக்கே வீசுங்கள். இழுப்பு காற்றின் வேகத்தின் வர்க்கமாகக் கூடும்: வீசும் காற்றைப் போல மூன்று மடங்கு வேகத்தில் காற்று கைட் மீது ஓடினால் இழுப்பு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அமெரிக்கப் பொறியாளர் மைல்ஸ் லாய்ட் 1980-இல் கைட்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் இந்தக் குறுக்கோட்டத்தை வைத்துத்தான்.

அதே வர்க்கக் கணக்கு பலத்த காற்றில் நமக்கு எதிராகத் திரும்பும். 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) காற்று 20 ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். போன் ஆப்பில் சராசரி 14 நாட் என்று பார்த்துப் பெரிய கைட்டை எடுத்துப் போகிறீர்கள், நடுவில் 20 நாட்டுக்கு ஒரு வீச்சு வருகிறது, அந்த நொடியில் இழுப்பு இரட்டிப்பாகிவிடும். அளவைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரியை விட்டுவிட்டு உச்ச வீச்சைப் பாருங்கள்.

காற்று குறைவு என்றால் எவ்வளவு பெரிய கைட்டும் சரி என்பதும் தவறுதான். காற்றடைத்த குழாய் உள்ள கைட் பெரிதாக ஆக எடையும் கூடும், மெல்லிய காற்றில் மேலே நிற்காது. பிரான்ஸின் லெகெனூ சகோதரர்கள் 1984-இல் அந்தக் குழாய் வடிவத்துக்குக் காப்புரிமை கோரியது தண்ணீரில் விழுந்த கைட் மறுபடி எழ வேண்டும் என்பதற்காக. தரையில் பழக, குழாய் இல்லாமல் காற்று நிரம்பும் துணி அறைகள் கொண்ட ஃபாயில் கைட்டே இலகு, ஆனால் வாய் திறந்த ஃபாயிலைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அறைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

இடத்தையும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் மாதிரி ஒடுங்கிய தீவில் ஒரு கரைக்குக் கடலிலிருந்து வரும் காற்று, மறு கரையில் நிலத்திலிருந்து கடலுக்குள் போகும். அந்தப் பக்கம் தண்ணீர் அலையில்லாமல் அழகாக இருக்கும், பார்த்ததும் இறங்கத் தோன்றும். மரமும் வீடும் தாண்டி வரும் காற்று உடைந்து தாறுமாறாக வரும், கயிறோ பாரோ போனால் உங்களைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டே போகும். மீட்புப் படகு இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.

அப்புறம், கைட்டை எழுப்பும்போது அது காற்று போகும் திசையில் உங்களுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. இழுப்பு உச்சமாக இருப்பது அங்கேதான். பக்கவாட்டு ஓரத்தில் வைத்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். அதற்கு முன், கைட்டின் இழுப்பை உடனே நிறுத்தும் அவசர விடுவிப்பை ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்துவிடுங்கள், ஒவ்வொரு நாளும்.