எல்லாவற்றையும் பதிவு செய்ய விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழ்வின் ஒவ்வொரு கணத்தையும் சேமித்துவைக்க வேண்டும் என்ற ஆசை கைபேசியோடு பிறந்ததன்று. ஒருவர் தம் நூல்கள், குறிப்புகள், கடிதங்கள் அனைத்தையும் அடக்கி, வேண்டியபோது தேடியெடுக்கும் ‘மெமெக்ஸ்’ என்ற கற்பனைக் கருவியை அமெரிக்கப் பொறியாளர் வன்னேவர் புஷ் 1945இலேயே விவரித்திருந்தார். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கணினிப் பொறியாளர் கார்டன் பெல், தம் கடிதங்கள், தொலைபேசி உரையாடல்கள், பார்த்த இணையப் பக்கங்கள் வரை ‘மைலைஃப்பிட்ஸ்’ என்ற திட்டத்தில் சேர்த்துவந்தார். பிற்காலத்தில் அவரே அவ்வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார்.

இம்முயற்சியில் இறங்குவோர் செய்யும் பெருந்தவறு, பதிவையும் நினைவையும் ஒன்றாகக் கருதுவதே. உளவியலாளர் லிண்டா ஹென்கல் நடத்திய அருங்காட்சியக ஆய்வில், மாணவர்கள் சில பொருள்களைப் படம் பிடித்தனர், சிலவற்றை வெறுமனே பார்த்தனர். மறுநாள் கேட்டபோது, படம் பிடித்தவற்றையே அவர்கள் குறைவாக நினைவுகூர்ந்தனர். கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் தன் கடமையை விட்டுவிடுகிறது போலும். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது இந்த இழப்பு ஏற்படவில்லை. ஆகவே குறை கேமராவில் இல்லை, கவனிக்காமல் அதை இயக்குவதில்தான் இருக்கிறது.

அடுத்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குவித்துவைப்பது. சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறு கேமரா 30 விநாடிக்கு ஒரு படம் எடுப்பதாகக் கொண்டால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 1,920 படங்கள், ஓராண்டில் ஏறத்தாழ 7 லட்சம் படங்கள் சேரும். படத்திற்கு ஒரு விநாடி ஒதுக்கினாலும் அவற்றைப் பார்த்து முடிக்க 190 மணி நேரத்திற்கு மேல் ஆகும். (என் கைபேசியில் கிடக்கும் சில ஆயிரங்களையே நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.) ‘சென்ஸ்கேம்’ என்ற தானியங்கிக் கேமரா, மூளை அழற்சியால் நினைவாற்றல் குன்றிய ஒரு பெண்ணுக்கு உண்மையிலேயே உதவியது, நிகழ்வுகளை மாதங்கள் கழித்தும் அவரால் சொல்ல முடிந்தது. அவரும் கணவரும் அப்படங்களை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நம் வாழ்வைப் பதிவு செய்யும்போது பிறர் வாழ்வும் அதில் அகப்படுகிறது. நண்பர் மனம்விட்டுப் பேசுவதை அவர் அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்வது நாகரிகமன்று. பல நாடுகளில் அது சட்டப்படியும் குற்றம்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் ஒப்படைப்பதும் பிழையே. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2015க்குள் ஏற்றப்பட்ட பாடல்கள், சேவையக மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019இல் தெரியவந்தது. எனவே மாதந்தோறும் பத்துப் பதினைந்து படங்களைத் தேர்ந்து, தேதியும் இடமும் உடனிருந்தோர் பெயரும் எழுதி, வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகளாக வைத்துக்கொண்டால் போதும். எஞ்சியவற்றைத் தயங்காமல் அழித்துவிடலாம்.