ஆதித் திருச்சபை ஆய்வில் முனைவர் பட்டம்: இடமும் பணமும் ஒருசேரப் பெறும் வழி

விவிலிய ஆய்விலோ ஆதித் திருச்சபை வரலாற்றிலோ முனைவர் பட்டம் பெற விரும்பும் நம் மாணவர்கள் பலர், முதலில் இடம் வாங்கிவிட்டுப் பிறகு பணம் தேடலாம் என்று எண்ணுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பினாங்கிலிருந்து நான் விண்ணப்பித்தபோது, இடமும் உதவித்தொகையும் ஒரே முடிவாக வரும் பல்கலைக்கழகங்களுக்கு முதலிடம் கொடுத்ததால்தான் சபைக்குச் சுமையாகாமல் படிக்க முடிந்தது. இறையியல் முதுகலைப் பட்டமும் அடிப்படைக் கிரேக்கமும் உங்களிடம் இருப்பதாகக் கொண்டு தொடங்குகிறேன்.

முதற்படி, பணம் எந்த நாட்டில் எந்த வழியாக வருகிறது என்பதை அறிவது. அமெரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பி.எச்.டி. இடம் கிடைத்தால், கல்விக்கட்டண விலக்கும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்ந்தே வருவது வழக்கம். கைம்மாறாக வகுப்புகளில் உதவ வேண்டியிருக்கும். டியூக், நோட்டர் டேம், யேல், எமரி ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. போதகர்களுக்கான டி.மின். பட்டத்துக்கு இத்தகைய உதவி அரிது என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதாதீர்கள். பிரிட்டனில் இடம் வேறு, பணம் வேறு. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பம் இல்லை; டிசம்பர் அல்லது ஜனவரிக் கெடுவுக்குள் விண்ணப்பித்தவர்கள் தாமாகவே பரிசீலிக்கப்படுவார்கள். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகைக்குச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே கூடுதல் பகுதியை நிரப்ப வேண்டும். பிரிட்டிஷ் அரசு வழங்கும் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு மட்டுமே. ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்குப் பெரும்பாலும் கல்விக்கட்டணம் இல்லையெனினும், வாழ்க்கைச் செலவுக்கு டி.ஏ.ஏ.டி. என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவியையோ துறையில் ஓர் ஆய்வு உதவியாளர் பணியையோ தேட வேண்டும்.

அடுத்து, கெடு நாட்களை ஓர் அட்டவணையில் எழுதுங்கள். கூகுள் ஷீட்ஸ் போதும். இதற்கெனத் தனிச் செயலி தேவையில்லை. நூல் விவரங்களைத் தொகுக்க மட்டும் இலவசமாகக் கிடைக்கும் சொட்டேரோ (Zotero) மென்பொருளை இன்றே தொடங்குங்கள், ஏனெனில் ஆய்வு முன்மொழிவு எழுதும்போதே அது கைகொடுக்கும். டிசம்பரில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 11.59 என்றால் மலேசியாவில் நமக்கு மறுநாள் பகல் 12.59.

மூன்றாவது படி முன்மொழிவு. "பவுலின் இறையியல்" என்பது தலைப்பாகாது. 1 கொரிந்தியரில் வரும் படையல் உணவு பற்றிய விவாதத்தை இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் எவ்வாறு வாசித்தார்கள் என்பது ஒரு கேள்வியாகும். நம்மில் பலருக்குத் தோமா மரபில் ஈடுபாடு உண்டு. அப்போஸ்தலர் தோமாவின் இந்தியப் பயணத்தைச் சொல்லும் "தோமாவின் பணிகள்" என்னும் பழைய நூல் சீரிய மொழியிலும் கிரேக்கத்திலும் கிடைப்பதால், இரண்டையும் கற்கும் திட்டத்தை முன்மொழிவிலேயே காட்டுங்கள். நிதி வழங்கும் குழுவினர் மூல நூலை மூலமொழியில் படிக்கும் திறனை மிகவும் மதிக்கிறார்கள்.

இனி எல்லாவற்றிலும் அதிக கவனம் வேண்டிய படி: சேர்க்கைக் கடிதத்தை வாசிப்பது. "முழு உதவித்தொகை" என்ற சொல்லைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், ஐந்து விவரங்களைத் தேடுங்கள். தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது மாதமெனில் கோடையில் வீட்டு வாடகைக்கு வழி என்ன? மருத்துவக் காப்பீடு அடங்குமா, குடும்பத்தினருக்கும் உண்டா? எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, அதைப் புதுப்பிக்க என்ன நிபந்தனை? கற்பிக்கும் பணி எந்த ஆண்டில் தொடங்கும்? தொகையிலிருந்து வரியும் பல்கலைக்கழகக் கட்டணங்களும் பிடிக்கப்படுமா? கடிதத்தில் இல்லாதவற்றைத் துறை அலுவலகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள்; பணிவாகக் கேட்பவரை எவரும் தவறாக எண்ணுவதில்லை. பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையுடன் கூடிய இடத்தை ஏற்க ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வேறோர் இடம் கூடுதலாகத் தர முன்வந்திருந்தால் அதையும் சொல்லலாம். ஆனால் பணம் இல்லாத இடத்தை, அது எவ்வளவு புகழ்பெற்றதாயினும், ஏற்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஐந்தாண்டுச் செலவை ரிங்கிட்டில் திரட்டுவது ஒரு குடும்பத்தின் வாழ்வையே அடகு வைப்பதாகும்.

வெளி நிதியும் உண்டு. ஜான் ஸ்டாட் தொடங்கிய லாங்ஹாம் அமைப்பும் ஸ்காலர்லீடர்ஸ் அமைப்பும், தாயகம் திரும்பிக் கற்பிக்க உறுதிகொண்ட சுவிசேஷப் பின்னணியினரை ஆதரிக்கின்றன. சிரம்பானிலுள்ள மலேசிய இறையியல் கல்லூரி போன்ற ஒன்றில் பிற்காலத்தில் கற்பிக்க எண்ணினால், அங்குள்ள ஆசிரியர்களுடன் இப்போதே பேசுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பின்சேர்க்கை: பிரிட்டன் விசாவுக்குச் சபை திரட்டிய பணத்தைச் சபைக் கணக்கிலேயே காட்டலாமா என்று கோலாலம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது உதவாது. செலவுப் பணத்தைத் தாமே காட்ட வேண்டிய மாணவர், அதைத் தம் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ 28 நாள் தொடர்ந்து குறையாமல் வைத்திருக்க வேண்டும். எனவே காணிக்கை சேர்ந்தவுடன் தொகையை மாற்றி, சபையின் அன்பளிப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.