ஏற்காட்டுச் சரிவில் இறங்குமுன்: மேலுடம்புக் கவசம் பார்த்து வாங்குவது எப்படி?

போன வருடம் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்துப் பாதை. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் சைக்கிளில் இறங்கினோம். சில்வர் ஓக் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதற்குள் கல் ஒளிந்திருந்ததை முன்சக்கரம் போய் மோதிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். இடது பக்கமாக விழுந்தேன். எல்போ பேடு போட்டிருந்தேன். ஆனால் அது நண்பனுடையது, எனக்கு ஒரு சைஸ் பெரியது. எழுந்து பார்த்தால் பேடு கையின் உள்பக்கம் திரும்பிச் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது, முழங்கை எலும்பின் மேல் தோலைக் காணோம். அதனால் இங்கே பிராண்டையும் விலையையும் விட, ‘விழும்போது அது இடத்தில் நிற்குமா’ என்ற கேள்விதான் அடிக்கடி வரும்.

ஒரு வார்த்தை முன்னாடியே. கையில் இருக்கும் பணம் ஒரு பொருளுக்குத்தான் காணும் என்றால், முகத்தையும் மூடும் ஹெல்மெட் வாங்குங்கள். அடுத்தது முழங்கால் பேடு. மேலுடம்புக் கவசம் அதற்குப் பிறகுதான்.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவு ரோட்டில் இறங்குவதை நம் ஆட்கள் பலர் ‘டவுன்ஹில்’ என்கிறார்கள். டவுன்ஹில் என்பது மலைச்சரிவு மண்பாதையில் சைக்கிளில் இறங்குவது; இதுவோ தார் ரோடு. விழுந்தால் உடம்பு வழுக்கிக்கொண்டு போகும், தோல் உரியும். டவுன்ஹில் கவசச் சட்டையின் வலைத்துணி தாரில் சட்டென்று கிழிந்துவிடும். அது தேய்மானத்துக்காகத் தைத்தது இல்லை. பஸ்ஸும் லாரியும் எதிரே வரும் அந்த வளைவுகளில் வேகம் காட்டுவதை நான் சொல்லித்தரப் போவதில்லை.

தோட்டத்து மண்பாதை வேறு கணக்கு. வேர், உருளைக்கல், மழை அரித்த பள்ளம், பாதையோரம் காபிச் செடி. இங்கே வழுக்குவதைவிட மோதுவதுதான் அதிகம். தோள், முழங்கை, முதுகு மூன்றும் அடி வாங்கும். முதல் வருடம் ஓட்டுகிறவருக்கு இந்த மாதிரிப் பாதைதான் அமையும், அதை வைத்தே மேலே போகலாம். (காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். எஸ்டேட் பாதை என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

படி 2: வகையை முடிவு செய்யுங்கள்

முழு ஜாக்கெட்: மார்பு, முதுகு, தோள், முழங்கை எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ஃபோம். நம்ம ஊர் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே மொறுமொறு, நடுவே மெத்தென்று. கூரான கல் குத்தும்போது ஓடு அந்த அடியை அகலமாகப் பரப்பிவிடும், ஃபோம் மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். பாறை நிறைந்த பாதைக்கு நல்லது. கனமும் புழுக்கமும் கூடவே வரும்.

பேடு வைத்த இறுக்கச் சட்டை: பனியன் மாதிரி உடம்போடு ஒட்டும், உள்ளே மென்மையான பேடுகள். டி3ஓ (D3O என்ற பிராண்டு) போன்ற பேடுகள் இதில்தான் அதிகம் வருகின்றன. கார்ன்ஃபிளவர் மாவைக் கெட்டியாகக் கரைத்து விரலை மெல்ல விட்டால் இறங்கும், ஓங்கிக் குத்தினால் கல்லாகிவிடும் இல்லையா? ஏறக்குறைய அதே குணம். ஓட்டும்போது வளைந்து கொடுக்கும், அடி விழும் கணத்தில் இறுகும். முதல்முறை வாங்குகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். உடம்போடு ஒட்டியிருப்பதால் பேடு அவ்வளவு சுலபமாக நகராது.

கையில்லாத வெஸ்ட்டில் முதுகும் மார்பும் மட்டும். எல்போ பேடு தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும்.

நான்காவதாகக் கடையில் ஒன்று தொங்கும். பார்க்கப் போர்வீரன் மாதிரி, விலையும் குறைவு. அது முன்னால் போகும் பைக் தெறிக்கும் கல்லைத் தடுக்கச் செய்தது. இ.என். (EN, ஐரோப்பியத் தரக் குறி) 14021 என்று போட்டிருந்தால் அந்த வகைதான். விழுகிற அடிக்கு அதை நம்பக்கூடாது.

படி 3: லேபிளைப் படியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. பேடை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். ஜாக்கெட்டின் காலரில் ‘சி.இ.’ (CE, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற முத்திரை) என்று தைத்திருப்பது போதாது. ஒவ்வொரு பேடின் மேலும் எண் அச்சாகியிருக்க வேண்டும்.

தேட வேண்டிய எண் இ.என். 1621. மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக எழுதிய ஐரோப்பியத் தரம், சைக்கிள் கவசங்களும் பெரும்பாலும் இதில்தான் தேர்வு எழுதுகின்றன. 1621-1 என்றால் தோள், முழங்கை போன்ற மூட்டுகளுக்கு. 1621-2 முதுகுக்கு. 1621-3 மார்புக்கு.

அதன் பக்கத்தில் 1 அல்லது 2 என்று நிலை இருக்கும். அதன் அர்த்தம் இதுதான். முதுகுப் பேடின் மேல் 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள்; ஏறக்குறைய 50 ஜூல் அடி. பேடைத் தாண்டிக் கீழே போய்ச் சேரும் விசையின் சராசரி 18 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் நிலை 1, 9-க்குள் இருந்தால் நிலை 2. அதாவது பாதி. தோள், முழங்கைக்கு அந்த எல்லைகள் 35, 20. முதுகுக்கு நிலை 2 வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். தோளுக்கும் முழங்கைக்கும் நிலை 1 போதும், கை இலகுவாக அசைய வேண்டுமே.

இன்னொரு சின்னக் குறி, பலர் கவனிப்பதே இல்லை: ஆங்கில ‘T’ எழுத்தும் கூட்டல் குறியும். 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியது என்று பொருள். கழித்தல் குறி இருந்தால் மைனஸ் 10 டிகிரி குளிரில் தேறியது. மென்மையான பேடுகள் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். பனிமலைக்காரனுக்குக் கழித்தல் முக்கியம்; சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து கிளம்புகிற நமக்குக் கூட்டல்தான் முக்கியம்.

படி 4: அளவு எடுங்கள்

தையல்காரர் டேப் போதும். அக்குளுக்குக் கீழே மார்பின் சுற்றளவு ஒன்று. பிறகு தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்புவரை முதுகின் நீளம். இதை வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் சட்டை சைஸை வைத்து ஆர்டர் போடாதீர்கள். நாற்பது சட்டை போடும் இரண்டு பேருக்கு முதுகு நீளம் ஒன்றாக இருப்பதில்லை.

படி 5: போட்டுப் பாருங்கள், சைக்கிள் மேலேயே

கடையில் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றால் எல்லாமே பொருத்தமாகத்தான் தெரியும். நீங்கள் இறங்கும்போது நிமிர்ந்தா நிற்கப் போகிறீர்கள்? பெடலில் எழுந்து, முட்டி மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கையை வெளியே விரித்து, தலையை மட்டும் தூக்கிப் பாதையைப் பார்ப்பீர்கள். அந்த நிலையில் நின்று பாருங்கள். ஹெல்மெட்டையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது தலையைத் தூக்குங்கள். ஹெல்மெட்டின் பின்விளிம்பு முதுகுத் தகட்டின் மேல்முனையில் ‘டக்’ என்று இடித்தால் அந்தக் கவசம் வேண்டாம். இடிக்கிறது என்று தலையைத் தாழ்த்தினால் உங்கள் கண்ணுக்குப் பாதை தெரியாது, முன்சக்கரம்தான் தெரியும்.

அப்புறம் எல்போ பேடு. கையை மடக்கியபடி, முழங்கை எலும்பு பேடின் குழிக்குள் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றக் கையால் பேடைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி நன்றாக இழுங்கள், பக்கவாட்டிலும் திருகுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால் சைஸ் பெரிது. நான் அன்றைக்கு இந்தப் பத்து நொடி வேலையைச் செய்திருந்தால் தோல் மிஞ்சியிருக்கும்.

கைகளை மேலே தூக்கி இறக்கினால் தோள் பேடு திரும்பத் தோள் முனைக்கே வர வேண்டும். மூச்சை நிறைய இழுத்துப் பாருங்கள், மார்பு இறுகக் கூடாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தோளில் விழும்போதோ கையை ஊன்றி விழும்போதோ காரை எலும்பு முறிவதை எந்தத் தோள் பேடும் முழுதாகத் தடுக்காது. அடி எலும்பு வழியாகவே ஏறிப் போகும். கவசம் போட்டதால் வேகத்தைக் கூட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

படி 6: வெயிலுக்கு ஏற்பாடு

சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர் வாக்கில். அடிவாரத்திலேயே கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன் ஒரு தடவை. டீக்கடை அண்ணன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எருதாட்டத்துக்கா?” என்றார். ஏறி முடிப்பதற்குள் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறியிருக்கும். கவசத்தைப் பையில் கட்டி மேலே கொண்டுபோங்கள், இறங்கும் இடத்தில் மாட்டுங்கள். அதே பையை முதுகில் போட்டுத்தான் இறங்குவீர்கள் என்றால் பம்பையும் ஸ்பேனரையும் முதுகெலும்பின் நேரே வைக்காதீர்கள். காருக்குள் வெயிலில் கவசத்தைப் போட்டுவைப்பதும் வேண்டாம்.

படி 7: வந்த பிறகு

பேடுகளைக் கழற்றிவிட்டுத் துணியை மட்டும் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெல்க்ரோவில் சிக்கிய சருகைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். குப்பை சேர்ந்த வெல்க்ரோ பாதி வழியில் விட்டுவிடும். பலமாக விழுந்திருந்தால் ஓட்டில் விரிசல் உண்டா, ஃபோம் அமுங்கியே கிடக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அந்தப் பேடை மாற்றிவிட வேண்டியதுதான்.

நண்பனின் எல்போ பேடைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் கைக்கு அது கச்சிதம்.