களரிப் பயிற்சிக்கு நடுவே ஊர் சுற்றுவது எப்படி: வடகரையில் இரண்டு மாதம்

ஒரு ஜனவரியில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு, கேரளத்தின் தற்காப்புக் கலையான களரி பழக வடகரைக்குப் போனேன். கோழிக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. அப்போது எனக்கு வயது 43. காலை 6 முதல் 8 வரை, மாலை 5 முதல் 6.30 வரை பயிற்சி. ஞாயிறு லீவு. நடுவில் சும்மா கிடக்கும் ஒன்பது மணி நேரத்தைப் பார்த்தால் யாருக்கும் கால் நமநமக்கும்.

முதல் ஞாயிறே வயநாடு போய் எடக்கல் குகைக்கு ஏறினேன். திங்கள் காலை நேர்க்கால் வீசும்போது பாதம் நெற்றிக்கு வர வேண்டும். எனக்கு இடுப்பைத் தாண்டவில்லை. குருக்கள் (ஆசானை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், கோயில் குருக்கள் அல்ல) திட்டவில்லை. "மல கயறியோ?" (மலை ஏறினாயா?) என்று மட்டும் கேட்டார்.

ஆகவே முதல் பத்து நாள் எங்கும் அலையாதீர்கள். தாழ்ந்து உட்காரும் அமர்ச்சைக்கே தொடை கேவிக்கொண்டிருக்கும். ரொம்பப் போரடித்தால் ஆட்டோ பிடித்து லோகனார்காவு போய் வாருங்கள். வடகேரள வீரக்கதைப் பாடல்களான வடக்கன் பாட்டுகளில் வரும் வீரன் தச்சோளி ஒதேனன் கும்பிட்ட அம்மன் கோயில். படியேற்றம், வெயில் என்று எந்தத் தொல்லையும் இல்லை.

அப்புறம் வார நாட்களில் ரயிலில் அரை மணிக்குள் போகக்கூடிய ஊர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாஹி பக்கத்தில்தான். சுற்றிலும் கேரளம், ஆனால் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆற்றோர நடைபாதையில் ஒரு மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் தலச்சேரி. 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு பிரியாணிக்குப் போகலாம். பாஸ்மதி கிடையாது, குட்டையான கைமா அரிசி. அதை மதியம் இரண்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மாலை வகுப்பில் யானை வடிவு என்ற நிலையில் குனிந்து பார்த்தேன். வேண்டாம். பிரியாணி சனிக்கிழமை ராத்திரிக்கு.

உண்மையான சிக்கல் தெய்யம்தான், தெய்வ வேடமிட்டு ஆடும் சடங்கு. மலையாளத் துலாம் மாதம் 10ஆம் தேதி, அதாவது அக்டோபர் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை காவு எனப்படும் கோயில்களில் நடக்கும். வடகரைப் பக்கம் அதையே 'திற' என்பார்கள். அப்படிக் கேட்டால்தான் ஆட்டோக்காரர் சட்டென்று சொல்வார். பெரும்பாலும் இரவில் தொடங்கும். தீப்பந்தத்தோடு வரும் கோலத்தைப் பார்க்க விடியும்வரை நிற்க வேண்டியிருக்கும். செவ்வாய் இரவில் போய்விட்டு, புதன் காலை தூங்காத கண்ணோடு களரியில் வலது காலை வைத்தேன். வாய்த்தாரி (குருக்கள் வாயால் சொல்லும் கட்டளைகள்) காதில் விழுகிறது, உடம்பு இரண்டு சொல் பின்னால் வருகிறது. இந்த நிலையில் கம்பு பிடித்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. ஆகவே சனி இரவு நடப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மாலை வகுப்பு முடிந்ததும் இரண்டு மணி நேரம் தூக்கம், பதினொரு மணிக்குக் கிளம்பல், ஞாயிறு மதியம் வரை மறுபடி தூக்கம். எந்தக் காவு என்று களரியில் கேளுங்கள். கூடப் பழகும் பையன்களில் ஒருவனுக்காவது அது சொந்தக் குடும்பத்துக் காவாக இருக்கும்.

ராத்திரி முழிக்க முடியாதவர்கள் ஒரு ஞாயிறு பறசினிக்கடவுக்குப் போகலாம். கண்ணூர் வரை ரயில், பிறகு பஸ். அங்கே முத்தப்பன் என்ற தெய்யம் அநேகமாக ஆண்டு முழுக்க, தினமும் ஆடுவார். நாய்கள் சன்னிதி வரை உரிமையோடு நடமாடும். பிரசாதமாக அவித்த பயறும் டீயும் தருவார்கள். பயிற்சிக்காரனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு ஏது?

மழைக்காலத்தில் போனால் கணக்கே வேறு. கர்க்கடகத்தில் (நம் ஆடியையொட்டி வரும் மலையாள மாதம்) உழிச்சல் என்ற எண்ணெய்த் தேய்ப்பு எடுத்துக்கொண்டால் அது முடிந்தபிறகும் அதே அளவு நாட்கள் பத்தியமாக இருக்கச் சொல்வார்கள். வெயில், காற்று, அலைச்சல் எதுவும் ஆகாது. முழப்பிலங்காட்டில் மணலிலேயே கார் ஓட்டும் கடற்கரைக்கும் அப்போது போய்ப் பயனில்லை, கடல் சீறிக்கொண்டிருக்கும். தடிமனான புத்தகம் ஒன்று எடுத்துப் போங்கள்.

கடைசியாக, ஞாயிறு கிளம்பும் முன்பே கச்சையைத் துவைத்துக் காயப்போடுங்கள். திரும்பி வந்து துவைக்கலாம் என்று விட்டால், திங்கள் காலை எண்ணெய் வாடை போகாத ஈரத்துணியை இடுப்பில் சுற்ற வேண்டியிருக்கும்.